போதும் என்று சொல்லும் வேலை

கர்க்லாண்டில் எங்கள் தெருவில் பனி தள்ளுவதற்கு ஆள் வைக்காத வீடு என்னுடையது மட்டும்தான். எழுபது தாண்டிய நெஞ்சுக்கு அது நல்ல வேலை. இன்றும் தள்ளிவிட்டுத்தான் வந்தேன், அதனால்தான் பிந்திவிட்டேன். அதைப் பயம் என்று எழுதிவிடாதீர்கள், வழக்கறிஞர் அம்மா.

போர்க்குற்றத்தில் அடித்தவனும் பக்கத்தில் நின்ற டொக்டரும் ஒன்றுதான் என்கிறது உங்கள் சட்டம். மொழிபெயர்க்க வந்த இமெல்டா அதை மூன்று தரம் சொல்லிவிட்டாள். சட்டம் எழுதியவர்கள் அந்த அறையைப் பார்த்ததில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

போர்க்காலத்தில் ஊரில் ஆட்களைப் பிடித்து விசாரித்த அந்த முகாமில் நான் ஒருவரையும் தொட்டு அடித்ததில்லை. என்மேல் முறைப்பாடு கொடுத்த மரியதாசனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். பொய் சொல்லுமளவுக்கு அவனுக்குக் கற்பனை போதாது. அடிக்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்கே அடித்தால் என்ன ஆகும் என்று தெரியாத மூடர்கள். விசாரணை முடியுமுன்னே ஆட்கள் செத்துப்போனார்கள். அதனால்தான் என்னை வைத்தார்கள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, போதும் என்று சொல்வது என் வேலை. சொன்னால் நிறுத்துவார்கள். அந்தச் சொல்லால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மயங்கியவர்களுக்குச் சேலைன் ஏற்றினேன், தையல் போட்டேன். தேறியதும் மறுபடி அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆளைத் தேற்றுவது டொக்டரின் கடமை. தேறியவன் எங்கே போகிறான் என்று எந்த ஆஸ்பத்திரியில் டொக்டர் பின்னால் போய்ப் பார்க்கிறார்?

இந்த நாட்டில் வைத்தியம் பார்க்க எனக்கு அனுமதி தரவில்லை. செயின்ட்-லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசை சரிபார்த்தே ஓய்வு பெற்றேன். எங்கள் சனம் மட்டும் சண்முகலிங்கம் டொக்டர் என்று கூப்பிட்டது.

போன கோடையில் செயின்ட்-மிஷேலில் ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் மாமா மயங்கி விழுந்தார். மற்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "பயப்பிடாதேங்கோ, இன்னும் தாங்கும்" என்றேன்.

பக்கத்து மேசையில் ஒருவன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"டொக்டர், அங்க என்ர கண்ணைக் கட்டித்தான் வச்சிருந்தவை. ஆனா 'இன்னும் தாங்கும்' எண்ட இந்தக் குரலை நான் மறக்கேல்லை."

அதுதான் மரியதாசன். ஆளை மாறிப் பிடிச்சிருக்கிறீர் என்றேன். அவன் வாதாடவில்லை, நேரே உங்களிடம் வந்திருக்கிறான். விழுந்தவர் பிழைத்தார். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

என் மகள் வினோஜா இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. ஊர்க்கதை அவள் காதுக்கும் போனது.

"அப்பா, மரியதாசன்ர தமையன் றஜிந்தன் எப்பிடிச் செத்தவர்?"

"இதயம் நிண்டிட்டுது."

"நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களோ?"

"ஓம்."

அவள் வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் வரவில்லை. இங்கே படிப்பிக்கிற லட்சணம் அவ்வளவுதான்.

உங்களுக்கும் அதுதானே வேண்டும்? சொல்கிறேன். றஜிந்தன் ஒரு பள்ளிக்கூட வாத்தி. நான் நாடி பார்க்கக் குனிந்தபோது அவன் கண்கட்டு நழுவியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களும் டொக்டரோ?" என்றான். கெஞ்சிக் கேட்டிருந்தால் வேறு கதை. அவன் சிரித்துக்கொண்டு கேட்டான்.

நாடி விட்டுவிட்டு அடித்தது. இனித் தாங்காது என்று முதலாம் வருஷ மாணவனுக்கே விளங்கும். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். நான், "தொடரலாம்" என்றேன்.

மொழிபெயர்க்கிறதை ஏன் நிற்பாட்டினீங்கள், இமெல்டா? சின்னச் சொல்தானே. பிரெஞ்சிலும் இருக்கும். சொல்லுங்கோ.

ஓம், தெரிந்துதான் சொன்னேன். அவன் சாவான் என்று தெரிந்து சொன்னேன். கோபத்தில் சொன்னதாக எழுதாதீர்கள், கோபம் வாத்திமாருக்கு வருவது. அவன் முடியும் வரை மணிக்கட்டை நான் விடவில்லை. நின்றுவிட்டது என்று அறிவித்ததும் நான்தான்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பெயருக்கு முன்னால் 'முன்னாள் மருத்துவர்' என்று அடித்திருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொண்டு வாருங்கள். தொழிலில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை.