நொண்டி நாரையின் செய்திப் பிரிவு

நம் ஹெரன்ஸ் அணி தோற்றுக்கொண்டிருந்தால் கேலி எழுதுவது சுலபம், திருமதி பெக்வித். ஜெயிக்க ஆரம்பித்துவிட்டால்தான் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம். பதினோரு வருடத்தில் எனக்கு அந்தத் திண்டாட்டம் அதிகம் வந்ததில்லை.

ஆமாம், 'நொண்டி நாரை' நான்தான். ஹெரன் என்றால் நாரைதானே; நம் ஊர் பேஸ்பால் அணியின் செய்திப் பிரிவு மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு இணையத்தில் பொய் அறிவிப்பு விடுகிற ஆள். "இன்றைய ஆட்டத்துக்கு வரும் முதல் நூறு பேருக்கு மன்னிப்புக் கடிதம் இலவசம்" என்று போட்டது நான். "நமது அணி வீரர் ஒருவர் நேற்று ஒரு பந்தைப் பிடித்துவிட்டார், போலீஸ் விசாரிக்கிறது" என்று போட்டதும் நான்தான். நீங்களே அதைச் சர்ச் வாசலில் படித்துக் காட்டிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

நீங்கள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்து அலுத்துவிட்டது.

நம் அணிக்கு ஆட வருகிற வெளியூர்ப் பையன்களை யார் வீட்டில் தங்கவைப்பது என்று முடிவு செய்கிறவர் நீங்கள். எங்கள் வீட்டை எழுதிக்கொள்ளச் சொன்னவள் என் நார்மா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோடை முழுக்க வீட்டில் ஒரு பிள்ளை வளைய வருவான் என்று அவளுக்கு ஆசை. அவள் இறந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் நன்றாக ஆடினார்கள். நன்றாக ஆடினால் பெரிய அணிகள் கூப்பிட்டுக்கொள்ளும், கூப்பிட்ட அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார்கள். முதல் வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும். அடுத்த வருடம் அதுவும் வராது. அவர்களைக் குறை சொல்லவில்லை. வயசு அப்படி.

போன மே மாதம் கீனனைக் கொண்டுவந்து விட்டீர்கள். இருபத்திரண்டு வயசுப் பந்துவீச்சாளன். அப்பா யாரென்று தெரியாது, அம்மா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். சாப்பிட்ட தட்டை யாரும் சொல்லாமலே கழுவி வைப்பான். முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் லேசாக முனகினேன். மறுநாளே மாடிப்படியில் கைப்பிடிக் கட்டை அடித்துவிட்டான். எனக்கு அவன்மேல் உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜூலையில் ஒரு காலை, நான் அவன் தட்டில் முட்டையைப் போடும்போது சொன்னான்: "மிஸ்டர் லைல், வியாழக்கிழமை பெரிய அணியிலேருந்து ஆள் வராங்களாம். என்னைப் பாக்கத்தான். அந்த ஒரு ஆட்டம் நல்லா அமைஞ்சுட்டா போதும், என் தலையெழுத்தே மாறிடும்."

நல்லது என்றேன். இன்னொரு முட்டையும் போட்டேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. வளைபந்து போடப் போகும்போது கீனன் நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளுவான். இடது கன்னம் ஒரு கணம் உப்பும். வேகப்பந்துக்கு அது கிடையாது. எதையாவது ஆழ்ந்து யோசித்தால் அவனுக்கு அந்தப் பழக்கம். இரண்டு மாதம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குத்தான் அது பிடிபட்டது. என்ன பந்து வரப்போகிறது என்று மட்டையாளனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பந்துவீச்சாளன் கதை முடிந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் நொண்டி நாரை ஓர் அறிவிப்பு விட்டது. "பல் மருத்துவர் தேவை. எங்கள் கீனனுக்கு வளைபந்து போடும்போது மட்டும் இடது கன்னம் வீங்குகிறது. வேகப்பந்துக்கு வலி இல்லையாம்."

ஊரார் வழக்கமான நக்கல் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நம் ஆட்டக்காரர்கள் படித்து அவனை எச்சரித்திருக்க மாட்டார்களா என்று பார்க்கிறீர்கள். மாட்டார்கள். நொண்டி நாரையைத் திறக்கிறவன் மைதானத்தை இருபது சுற்று ஓட வேண்டும் என்று மேலாளர் ரஸ்கின் ஜூனிலேயே உத்தரவு போட்டிருந்தார். அதை எனக்குச் சொன்னவனே கீனன்தான். எதிரணிகள் அத்தனையும் ஒன்று விடாமல் படித்தன. படிக்காதவர்கள் நம்மவர்கள் மட்டும்தான். அது தெரிந்துதான் எழுதினேன்.

வியாழக்கிழமை அவனுடைய வளைபந்து ஒவ்வொன்றையும் காத்திருந்து அடித்தார்கள். மூன்று ஹோம்ரன். பார்க்க வந்த மனிதர் நாலாவது இன்னிங்ஸிலேயே நோட்டை மூடிக்கொண்டு காரைத் தேடிப் போய்விட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த இரண்டு ஆட்டமும் அதே கதை. அதற்கப்புறம் ஒருநாள் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"மிஸ்டர் லைல், என்ன பந்து வருதுன்னு அவங்களுக்குத் தெரியுது. நான்தான் எப்படியோ காட்டிக்குடுக்கறேன். நீங்க ஒரு ஆட்டம் விடாம பாக்கறீங்க. உங்க கண்ணுக்கு ஏதாச்சும் பட்டுதா?"

கேட்டுவிட்டு அவனும் யோசித்தான். கன்னம் உப்பியது.

"ஒண்ணும் படலப்பா," என்றேன். "உனக்கு நேரம் சரியில்ல. சாப்பிடு."

நான் நினைத்தது இவ்வளவுதான்: மேலே போகாவிட்டால் இங்கேயே இருப்பான், அடுத்த கோடைக்கும் வருவான். அணியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். இனிப் பந்தைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான், தொடவும் இல்லை. இப்போது ஒமாஹாவில் ஏதோ கிடங்கில் டயர் அடுக்குகிறான்.

ஞாயிறு தவறாமல் என்னைக் கூப்பிடுகிறான். முன்னால் போன மூன்று பேரில் ஒருத்தன்கூட ஒருதரம் கூப்பிட்டதில்லை. போன வாரம் சொன்னான்: "எல்லாரும் கைவிட்டுட்டாங்க, மிஸ்டர் லைல். என் பக்கம் நின்னது நீங்க ஒருத்தர்தான்."

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கிளப்பில் சொல்லிக்கொள்ளுங்கள், பத்திரிகையில் வேண்டுமானாலும் போடுங்கள், என்ன தண்டனையானாலும் வாங்கிக்கொள்கிறேன். கீனன் காதுக்கு மட்டும் இது போக வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நம்பிப் பேச இந்த உலகத்தில் ஒருத்தராவது இருக்க வேண்டாமா?