உப்பு நிலாவின் கடைசிப் பகுதி

"ஹலோ... ஹலோ, நோரினா?... நான்தான், கிளைவ். மணி ரெண்டு ஆச்சு, டிஸ்க்கைப் போட்டாச்சா?... ஆமா ஆமா, உனக்குப் பன்னிரண்டரை, தெரியும். உங்க பெர்த்ல சூரியனே லேட்டாத்தான் வேலைக்கு வருது..."

தெற்கு ஆஸ்திரேலியாவின் வய்யாலா நகர் இரும்பாலையில் முப்பது ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற கிளைவ் பென்ராட், தம் வீட்டுப் பின்னறையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தார். மாதந்தோறும் முதல் சனிக்கிழமை பிற்பகல் அவ்வறையில்தான் அறிவியல் புனைகதைக் கழகம் கூடும். பதினான்கு பேர் கூடிய கழகம், இறப்பாலும் இடமாற்றத்தாலும் இருவராகச் சுருங்கியிருந்தது. அவ்விருவருள் ஒருவரான நோரினும் மார்ச் மாதத்தில் மகளோடு வாழ, நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்குப் பெயர்ந்துவிட்டார். அதுமுதல் கூட்டம் தொலைபேசியில் நடக்கிறது. இருவரும் ஒரே நொடியில் படத்தை ஓடவிடுவர். எவரும் முந்திப் பார்க்கலாகாது, பாராதவரிடம் முடிவைச் சொல்லலாகாது என்பது கழகத்தின் சட்டம். மீறியவர் அடுத்த கூட்டத்திற்கு ஒரு தட்டு லாமிங்டன் கேக் செய்து வர வேண்டும்.

"இன்னிக்கு 'உப்பு நிலா' தொடரோட கடைசிப் பகுதி, ஞாபகம் இருக்குல்ல?... இந்தக் கதையோட முடிவுக்கு முப்பது வருஷமா காத்திருக்கோம் நோரின்! நாவல்ல என்ன ஆச்சு? ஆளே இல்லாத நிலா, விளக்கைக் காவல் காக்கிற ஒருத்தி, வெளியேயிருந்து யாரோ கதவத் தட்டறாங்க. அதோட புத்தகம் முடிஞ்சுபோச்சு. நீ அந்தப் புத்தகத்தை என் மேலயே வீசின... ஆமா, கெட்டி அட்டை! நெத்தியில பட்டுது... ரேடியோ நாடகத்துல அந்தத் தட்டற சத்தம்கூடக் கிடையாது. அவ மூச்சு விடறது மட்டும், ஒரு முழு நிமிஷம். நான் காரை ரோட்டோரம் நிறுத்திட்டேன்... படக்கதையா? கடைசிப் பக்கம் முழுக்கக் கறுப்பு, கதவுக்கு அடியில ஒரு கோடு வெளிச்சம். அதைத்தான் சொல்றேன்! காதுக்குக் குடுக்கும்போது காதுக்கானது, கண்ணுக்குக் குடுக்கும்போது கண்ணுக்கானது. சும்மா காப்பி அடிக்கல பாரு. ஆனா ஒருத்தரும் அந்தக் கதவத் திறக்கல. டிவிக்காரன் என்ன பண்ணியிருக்கானோ... சரி, ரெடியா? மூணு, ரெண்டு... என்ன?... எதுக்கு 'பொறு'?"

கிளைவின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே நின்றது.

"யாரோட?... நூலகத்துலயா... ஓ, அங்க ஒரு புதுக் கழகமா. எத்தனை பேர்?... ஆறு பேரா. ஒரே அறையில ஆறு பேர்! அடேயப்பா... செவ்வாய்க்கிழமையே பாத்தாச்சா... இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. எதுக்குக் கோவம்?... அட, அழாத. கேளு, நானும் உண்மையச் சொல்லிடறேன். நானும் பாத்துட்டேன்... ஆமா! வியாழக்கிழமை. மனசு கேக்கல... ஆமா, ஆமா, ரெண்டு பேருமே குற்றவாளிதான். நீ ஒரு தட்டு லாமிங்டன், நான் ஒரு தட்டு. சரிக்குச் சரி."

திரையில் கடைசிப் பகுதியின் தலைப்பு, ஓடாமல் அப்படியே உறைந்து நின்றது. ஒரு கதையைக் குறித்து கிளைவ் பொய் சொல்வது அதுவே முதன்முறை.

"முடிவா?... பிரமாதம். முதல்ல நீ சொல்லு... நானா? ம்... கதவத் திறக்கலையே, அதுதான் பெரிய விஷயம். வேற எவனா இருந்தாலும் திறந்து ஒரு பூதத்தைக் காட்டியிருப்பான். இவங்க காட்டல. அவ உள்ளங்கையக் கதவு மேல வச்சு... ஆமா, வச்சுட்டு அப்படியே நிக்கிறா. அந்தப் பக்கமும் ஒரு கை இருக்குன்னு நமக்கே தோணுது... நோரின்?... ஹலோ? லைன்ல இருக்கியா?"

கிளைவ் தொலைபேசியைக் காதோடு நெருக்கி வைத்தார்.

"ஆமாங்கறியா?... அப்படியேதான் முடியுதா?... ம்... சரி. ஒத்துக்கறேன், நான் பாக்கல, அந்தக் கை நானே கட்டிவிட்டது... இல்ல! சொல்லாத! வாய மூடு தாயே, ஒரு வார்த்தை சொல்லாத... நீ சும்மா ஆமா போட்டதை எப்படிக் கண்டுபிடிச்சேனா? முப்பது வருஷத்துல நான் சொன்ன எதுக்கு நீ மறுபேச்சில்லாம ஆமான்னு சொல்லியிருக்க?... சட்டத்தைக் காப்பாத்திட்ட, போ. முடிவு வெளிய வரல."

இருவரும் சிரித்தனர். முதலில் நிறுத்தியவர் கிளைவ்.

"யாரு ஹாரன் அடிக்கிறது?... ஓ, அவங்களா. ஆறு பேரும் வேன்லயா... இன்னிக்கே அடுத்த தொடரா? நல்லது. கிளம்பு, கிளம்பு. நிக்க வைக்காத... இல்லம்மா, நான் இன்னிக்குப் பாக்கப் போறதில்ல... நாளைக்கும் இல்ல... ஏன்னா கேக்கற? இதையும் பாத்து முடிச்சுட்டா, அப்புறம் எதைச் சொல்லி நான் உனக்குப் போன் பண்றது?... நோரின்?... ஹலோ?"

எதைச் சொல்லி அழைப்பது என்று அவர் கேட்கும் முன்பே இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.