எந்தத் தெரு?

ஆமத்தூர் தாண்டி சிவகாசிக்குப் போகும் பேருந்து. முன் இருக்கையில் பட்டாசு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“பந்து போட வந்த புள்ளகிட்ட எந்தத் தெருன்னு எதுக்குக்கா கேக்கணும்?” என்றாள் இளையவள்.

“மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்காகன்னு போனாளே, ஒம் மக, அவகிட்டயா?”

“ஆமாக்கா. ஆறு பந்துல மூணு தடவ ஸ்டம்பு பறந்திருக்கு. பெறவுதான் தெருவக் கேட்டிருக்காக. சொல்லியிருக்கா. லிஸ்டுல பேரு வரல.”

“அம்புட்டுதானா?”

“எடுத்த புள்ளைக பேட்டிங் பழகணும், நீ வந்து பந்து மட்டும் போடுன்னாக.”

“போனாளா?”

“போனா. ஒருத்தி விடாம அவுட்டாக்கிட்டா. மறுநாள் வாசல்லயே நிறுத்தி, இனிமே வராதன்னுட்டாக. புள்ளைக பயப்படுதாம்.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவள் சிரிக்கவில்லை.