அந்த ஞாயிறு அண்ணன் ஆலயத்தில் இருந்தார்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் வேலாயுதன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தகப்பனார் கனகதாஸ் அவர்களே, என் சின்ன அண்ணன் வினீத் அவர்களே, பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் சகோதரர்களே, எங்கள் சபை மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் லாரி ஓட்டுநர் நலச் சங்கத்தின் செயலாளராக இருந்து மறைந்த எபின் கனகதாஸ் அவர்களைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொன்னார்கள். பேருந்தைத் தவறவிட்டுத் தனுவச்சபுரம் சாலையில் நின்ற மாணவிகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எபின்! கள்ளிக்காட்டில் வண்டி கவிழ்ந்து கிடந்த ஓட்டுநருக்கு இரத்தம் கொடுத்தவர் எபின்! உங்களில் யாருக்கு ஜாமீன் வேண்டுமென்றாலும் நீதிமன்ற வாசலில் முதலில் நின்றவர் எபின்! எல்லாம் உண்மை. அவருடைய தங்கையாகிய நான், நாம் தெரிந்தும் பேசாத ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத் தொழில் என்ன? ரேஷன் அரிசியை எல்லை கடத்துவது. இந்த மண்டபத்தில் அது யாருக்குத் தெரியாது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில்தான் லோடு போகும். சனிக்கிழமை குடும்ப ஜெபத்தில் அப்பா வேதபுத்தகத்தை எந்த மகன் கையில் கொடுக்கிறாரோ, அந்த மகன் மறுநாள் ஆலயத்துக்கு வருவான். மற்றவன் லாரிக்குப் போவான். வேறு உத்தரவு கிடையாது.

"மக்கா வினீத்தே, நீ வாசி" என்பார் அப்பா. பிறகு பெரிய அண்ணனைப் பார்த்து, "எலே, டீசல் உண்டான்னு பாரு."

எபின் சிரிப்பார். "இவன் பத்து வசனம் வாசிச்சு முடிக்கதுக்குள்ள நான் லோடு இறக்கிட்டு வந்திருவேன்."

"வந்தா குளிச்சிட்டு வா அண்ணா. டீசல் நாத்தத்தில உபதேசியாரு மயங்கி விழுந்திருவாரு" என்பார் வினீத்.

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து அப்பாவிடம் கொடுப்பது என் வேலை. எனக்குப் பதினேழு வயதான ஒரு சனிக்கிழமை, அப்பாவைத் தாண்டிப் போய் அதை எபின் மடியில் வைத்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு ஒரு சங்கீதம் முழுவதையும் வாசித்தார். ஜெபத்தில் வைத்த முறையை அப்பாவாலும் மீற முடியவில்லை. மறுநாள் வினீத் லாரி ஏறினார். சோதனைச்சாவடியில் மறித்தபோது வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஓட்டியது யார் என்று கேட்டுக் காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். எபின் என்றார் அப்பா. அண்ணன் மறுக்கவில்லை. ஆறு மாதம் சிறையில் இருந்தார்.

அந்த ஞாயிறு அவர் எங்கே இருந்தார்? ஆலயத்தில் இருந்தார்! ஆண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார்! சபை மக்களே, நீங்கள் பார்க்கவில்லையா? நான் பார்த்தேன். நானும் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் சேர அப்பாவின் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது.

வெளியே வந்த பிறகு அவர் அந்த லோடைத் தொடவில்லை. பாலராமபுரத்துத் துணிக்கட்டுகளை ஏற்றிப் பிழைத்தார். சென்ற மாதம் ஒரு காலை எனக்குப் போன் செய்தார்.

"ரெஜிலா, வினீத்துக்க டிரைவரு வரேல்லியாம். அப்பா விளிச்சாரு."

"போவாண்டாம் அண்ணா."

"இல்ல பிள்ளே. அப்பா என்னை மக்கான்னு விளிச்சாராக்கும்."

பதினொரு மணி அளவில் வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். மாரடைப்பு. வயது நாற்பத்தொன்பது. பின்னால் அரிசி இருந்தது.

வரும் திங்கட்கிழமை விசாரணைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். அரிசி ஏற்றிய குடோன் என் பெயரில் இருக்கிறது. சாவி வினீத்திடம் இருந்தது. நேற்று அப்பாவும் வினீத்தும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சாவி எபினுட்ட இருந்துன்னு சொல்லிரு. போனவன் போயாச்சு. இருக்கியவன பாக்காண்டாமா?" என்றார் அப்பா.

"அண்ணன் இருந்தா பழிய அவரே ஏத்திருப்பாரு" என்றார் வினீத்.

அது உண்மைதான். ஏற்றிருப்பார்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிக்கச் சொன்னார்கள். சொல்கிறேன். ஜாமீன் நிற்பதைச் சங்கம் தொடரட்டும். மாணவிகளை ஏற்றிக்கொள்வதை ஓட்டுநர்கள் தொடரட்டும். அடுத்தவர் செய்ததைத் தன் பெயரில் ஏற்கிற பணி மட்டும் எபினோடு முடிகிறது! சாவி யாரிடம் இருந்தது என்பதைத் திங்கட்கிழமை சொல்வேன். குடோன் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. அதற்கு வருவதை நான் ஏற்பேன். அந்த ஞாயிறைப் பற்றியும் சொல்வேன்.

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். எபினுக்காக நாம் இருபத்தெட்டு வருடம் மௌனமாக இருந்துவிட்டோம். மூன்றாவது வரிசையில் அன்று அவரைப் பார்த்தவர்கள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்னோடு வாருங்கள்.