வெள்ளைப் பைப்பில் பல்தடம்

பைப் சேர்ப்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், பாதிப் பேர் தங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, சார். முதல் நாளே "புகை பிடிக்கிற பைப்பா?" என்று கேட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. எழுதிக்கொள்கிறவர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் முலாம் பூசும் பட்டறையில் சரக்கறைப் பொறுப்பாளன். கதவுக் கைப்பிடி, கரண்டி, பெல்ட் கொக்கி எல்லாம் எங்களிடம் அழுது வடிந்துகொண்டு வரும், பளபளவென்று போகும். அதற்கான விஷ ரசாயனங்கள் இருக்கிற அலமாரியின் சாவி என் இடுப்பில். சரக்கறைக்காரனுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஒரு டப்பா இருந்த இடத்தைவிட்டு விரலகலம் நகர்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எதையும் கற்பனை செய்துகொள்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் மரவேரில் கடைந்த பைப்புகள். நாளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பிடிப்பேன். ஒரு முறை புகைத்த பைப் ஈரம் காய்ந்து ஓய்வெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். ஆனால் வெள்ளைப் பைப் வேறு ஜாதி. அது ஒருவகைக் கல். கையில் எடுத்தால் கல் என்று நம்ப மாட்டீர்கள், அவ்வளவு லேசு. புதிதில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும். புகைக்கப் புகைக்க உள்ளேயிருந்து நிறம் ஏறும். முதலில் தந்த நிறம், அப்புறம் தேன் நிறம், அப்புறம் நல்ல பழுப்பு. வருடக்கணக்கில் ஒரே ஆள் பொறுமையாகப் பிடித்தால்தான் நிறம் சீராக வரும். கை வேர்வை பட்டால் திட்டுத்திட்டாகிவிடும், அதனால் கிண்ணத்தை மெல்லிய துணியால்தான் பிடிப்போம். வாயில் வைக்கிற குழல் மட்டும் கறுப்பு ரப்பர், கட்டையாக இறுகிய ரப்பர். அதைக் கையால் தொடலாம்.

கல்யாணமான வருடம் அதை வாங்கினேன். "எனக்கு வெளுத்துச்சு, அதுக்குக் கறுத்துச்சு" என்று என் மனைவி தலைமுடியைக் காட்டிச் சிரிப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொன்னால் எல்லாரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு அவசியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளைப் பைப்பைப் பற்றவைத்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. சமீபத்தில் பல் டாக்டர் ஒருவர் எனக்கு மேல்வரிசையில் பொய்ப்பல் கட்டிவிட்டு, பைப்பை விட்டுவிடச் சொன்னார். நான் டாக்டரை விட்டுவிட்டேன்.

பைப்பை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அது கஞ்சத்தனம் இல்லை. பல் துலக்குகிற பிரஷை யாராவது இரவல் கொடுப்பார்களா? இதை என் மைத்துனன் வீட்டுக்குள் பெட்டியோடு வந்த அன்றே அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் என் மனைவியின் ஒரே தம்பி. கிளாரினெட் வாசிப்பவன். அவன் இருந்த பேண்டு கலைந்துபோய், "வேற வேலை கெடைக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே" என்று அவள் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். முன்னறையைக் கொடுத்தோம். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் 'பீப்பி' என்று பட்டப்பெயர். கையில் கிடைத்ததை எல்லாம் ஊதிப் பார்ப்பானாம். பேனா மூடி, சாவி, பப்பாளித் தண்டு. சாப்பாட்டு மேஜையில் அக்காவும் தம்பியும் பழைய கதை பேசி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அது அடங்கியது அதைவிடப் பிடிக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவன் வந்த கொஞ்ச நாளில் வெள்ளைப் பைப்பின் ருசி மாறியது. ஏதோ புளிப்பு, தகரத்தை நக்கின மாதிரி. பிறகு புகையிலை டப்பா சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது. மனைவியிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமை ஆனா எழுந்ததுலேருந்து வாயில வெச்சிருக்கீங்க. டப்பா காலியாகாம என்ன பண்ணும்?" என்றாள்.

அவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று புரிந்துகொண்டேன். தம்பி ஆயிற்றே.

அப்புறம் ஒருநாள் வெளிச்சத்தில் வாய்க்குழலைத் திருப்பிப் பார்த்தபோது பல்தடம் கண்ணில் பட்டது. எல்லாப் பைப்காரர்களுக்கும் பல்தடம் உண்டு, சார். எனக்கும் உண்டு, இடது பக்கம், ஆழமில்லாமல். இத்தனை வருடமாக அது எனக்குக் கைரேகை மாதிரி. இது வேறு. கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுவை ஒட்டி, அழுத்தமாக இரண்டு பள்ளம். கிளாரினெட் வாசிக்கிறவன் வாய்முனையை மேல்பல்லால் அழுத்திப் பிடிப்பான் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் அவன் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேல்பல், நடுவில், அழுத்தமாக. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. பைப்பின்மேல் மாவு தூவி வைத்தேன். சாயங்காலம் கலையாமல்தான் இருந்தது. அவன் கெட்டிக்காரன், திரும்பத் தூவியிருப்பான் என்று தோன்றியது. எனக்குத் தெரியாமல் என் சாமான்மேல் மாவு தூவுகிறவனோடு ஒரே வீட்டில் இருக்கிறோமே என்று நினைத்தால் தூக்கம் எப்படி வரும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தேன். அவன் இருமினால் காது கொடுத்துக் கேட்பேன். அவன் சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன். புகையிலை வாடை அடித்தது. அந்த வீட்டில் எந்தத் துணியில்தான் அடிக்காது என்று என் மனைவி சொன்னாள், அது வேறு விஷயம்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "மாப்ள, நீ எப்பவாவது பைப் பிடிச்சுப் பாத்திருக்கியா?"

"ஐயோ அத்தான், என் வாய்க்கு ஒரு கொழல் போதும். ரெண்டாவதைக் கட்டிக்கிட்டு யாரு மாரடிக்கிறது?" என்று சிரித்தான்.

குற்றம் செய்யாதவன் 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவான். சிரிக்க மாட்டான். மறுநாள் நான் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைப் பைப்பை வைத்துக்கொண்டு அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன், அவன் பார்க்கட்டும் என்று. பார்த்தான். முகம் வாடிவிட்டது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தவனின் முகம் அது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் சமையலறையில் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போனால் அவள் மிக்சியைப் போட்டுவிடுவாள்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை, சார். பயம்தான் இருந்தது. நிறம் சீராக ஏறிக்கொண்டிருந்தது. இன்னொருவன் கண்டபடி சூடேற்றினால் ஒரே நாளில் பாழாகிவிடும். அந்தப் பைப்பில் என் வாலிபம் முழுக்க இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா இல்லையா?

பட்டறை அலமாரியில் என்ன எடுத்தேன் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதன் பெயரை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பைப் பிடித்து முடித்து, மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் வாய்க்குழலில் அதைத் தடவி அதன் இடத்தில் வைத்தேன். வார நாளில் நான் அதை வாயில் வைக்க மாட்டேன். என் மனைவி தூசி தட்டக்கூடத் தொட மாட்டாள். அவனிடம் வாசலில் நின்று, "மாப்ள, எதை வேணா எடுத்துக்கோ, அந்த வெள்ளைப் பைப்பை மட்டும் வாயில வெச்சிடாத" என்று தெளிவாகச் சொன்னேன். "நான் ஏன் அத்தான் வெக்கப்போறேன்?" என்றான். யோசித்துப் பாருங்கள். வைக்காவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. வைத்தால் அது அவன் செய்தது. இதைவிட நியாயமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

அன்று பகலிலேயே மனைவி பட்டறைக்குப் போன் செய்தாள். "தம்பி விழுந்து கெடக்கான், சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் போனபோது அவன் முன்னறையில் ஜன்னலோரம் கிடந்தான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் தேய்க்கிற பசை, நைந்த துணி, உப்புத்தாள். வெள்ளைப் பைப்பின் கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி, மடித்த துண்டின்மேல் பத்திரமாக வைத்திருந்தான். வாய்க்குழல் அவன் கைக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. மேல்பக்கத் தடம் முழுக்கத் தேய்த்தெடுக்கப்பட்டு, கண்ணாடி மாதிரி மின்னியது. கீழ்ப்பக்கம் இன்னும் மிச்சம் இருந்தது.

தடயத்தை அழித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. கையும் களவுமாக என்பார்களே, அது. முதலில் கிண்ணத்தை எடுத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு வாய்க்குழலைத் துணியால் சுற்றி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் அவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தத் துணிதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். பைப்காரன் பைப்பைத் துணியால் பிடிப்பதில் என்ன அதிசயம்? ஆனால் இத்தனை வருடம் என் எதிரில் உட்கார்ந்து காய்கறி நறுக்கியவள் அவள். எல்லாரும் வந்து போன பிறகு, அழுது ஓய்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"என்னங்க, கிண்ணத்தைத்தானே துணியால பிடிப்பீங்க. கொழலை என்னைக்குத் துணியால பிடிச்சிருக்கீங்க?"

நான் கிண்ணத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவனுக்கு வெளியூர்ல பேண்டுல வேலை கெடைச்சிடுச்சு. உங்ககிட்ட சாயங்காலம் சொல்லணும்னு இருந்தான். அத்தான் அந்தப் பல்லுக்குறியையே தடவித் தடவி வருத்தப்படறாரு, என் கிளாரினெட்டும் இதே ரப்பர்தான், தேய்ச்சுப் புதுசாட்டம் ஆக்கிக் குடுத்துட்டுப் போறேன்னான். நான்தான் சரின்னேன். பொடி அடைச்சிருக்கான்னு ஒரே ஒரு தடவை ஊதிப் பாத்தான். அவ்வளவுதாங்க ஊதினான்."

சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போனாள். காய்கறி வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தம்பி போன துக்கம். அக்கா என்றால் அப்படித்தான் பேசுவாள். வேலை கிடைத்த கதை, பரிசு கொடுக்க நினைத்த கதை எல்லாம் அவன் அவளிடம் சொன்னதுதானே. அவனாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா?

நேற்று நீங்கள் பல் டாக்டரின் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். கீழ்ப்பக்கத்தில் மிச்சமிருந்த தடமும், மற்ற பைப்புகளில் இருக்கிற புதுத் தடங்களும் எல்லாமே என்னுடையவை என்கிறார். பொய்ப்பல் கட்டியதும் கடிக்கிற இடம் உள்ளே தள்ளிப் போய்விட்டதாம். வாயில் புளிப்பு அடிப்பதும் அதனால்தானாம். நான் பாதியில் விட்டுவிட்டுப் போன டாக்டர் அவர், அவருக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கலாம். அதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

சரி, அவர் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அன்றுவரை அவன் என் பைப்பைத் தொட்டதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நேற்று முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். குழலில் அதைத் தடவியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், சார். வைக்க மாட்டேன் என்று என்னிடம் வாசலில் நின்று சொன்னவன், அன்றைக்கே அதை எடுத்து வாயில் வைத்தான். நான் முதலிலிருந்தே அவனைப் பற்றிச் சொல்லிவந்ததும் அதுதானே?