நாலு நிற்காது

அன்று மதியம் அவர் கடைசியாகக் கேட்டது வெந்நீர். ஆற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தூங்கிப்போனார்.

நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன். என் கணவர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு எண் புதிர்கள் போடுவார். நான் சரிபார்ப்பேன். பெயர் அவருடையது மட்டும். இரண்டு பெயர் போட்டால் இடத்தை அடைக்கும் என்பார்.

கடைசிப் புதிர் எளிது. ஓர் எண்ணைப் பகா எண்களாக உடைத்துக் கூட்ட வேண்டும். வந்ததை மறுபடி உடைத்துக் கூட்ட வேண்டும். பதினைந்து என்பது மூன்று பெருக்கல் ஐந்து, கூட்டினால் எட்டு. அதேபோல எட்டு ஆறாகும், ஆறு ஐந்தாகும். ஐந்து பகா எண். அங்கே நிறுத்திவிடலாம்.

"எந்த எண்ணக் குடுத்தாலும் கடைசில பகா எண்ணுல வந்து நின்னுடும்டி" என்றார்.

"நாலு நிக்காதுங்க. ஒடச்சா ரெண்டும் ரெண்டும், கூட்டினா மறுபடி நாலு. திரும்பத் திரும்ப நாலுதான் வரும்."

கணினித் திரையில், வீடியோ அழைப்பில், அவருடைய நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, "எங்க வீட்டம்மாவுக்கு நாலுக்கு மேல எண்ண வராதுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

பெரிய மூளைக்காரர். ஆக்சிஜன் குறைந்தால் அடிக்கும் மணியைக்கூட அதே கணினியில்தான் இணைத்திருந்தார். "தனியா ஒரு மெஷின் எதுக்கு? தண்டம்." ஒருமுறை ஏதோ ஒரு புரோகிராம் முடிவில்லாமல் ஓடி, கணினி உறைந்துபோனது. அப்போது மணியும் ஊமையாகிவிட்டதை நான்தான் கவனித்துச் சொன்னேன். அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார்.

அவர் தூங்கியதும், அந்தப் புதிருக்கு அவர் எழுதியிருந்த புரோகிராமில் நாலைக் கொடுத்துத் தட்டினேன். நாலு, நாலு, நாலு என்று ஓடி, திரை உறைந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து துணி மடித்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. குழாய் நழுவியது தெரிந்தது. தூக்கத்தில் அது நழுவும், மணி அடிக்கும், நான் போய்ச் சரிசெய்வேன். அதுதான் எங்கள் வழக்கம். மணி அடிக்காமல் நான் எப்படிப் போவது?

மூச்சு வேகமானது, இடறியது, நின்றது. கடைசித் தலையணை உறையையும் மடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். "நீ சொன்னது சரிதான்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கண்விழித்துத் திரையைப் பார்த்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார்.

துக்கம் கேட்க வந்த நண்பர்கள் அந்தப் புதிரை அவர் நினைவாக வெளியிட்டிருக்கிறார்கள், அவர் பெயரில், திருத்தாமல். யார் வேண்டுமானாலும் நாலைக் கொடுத்துப் பார்க்கலாம். நாலு இன்னும் நாலாகவேதான் வருகிறது.