பதினாலு மரம்

இருளாயி: செருப்ப எங்கடா கழட்டுறது?

ஐயாவு: கழட்ட வேணாம்கா. இது என்ன கோயிலா? சும்மா உள்ள வா.

இருளாயி: தரை இப்படி மின்னுது... நான் லகாட்டுல இருந்து பஸ்ல வாரேன், காலெல்லாம் புழுதி.

ஐயாவு: வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காடி அனுப்பியிருப்பேன்லா!

இருளாயி: சொல்லியிருந்தா வராதேன்னிருப்ப.

ஐயாவு: நான் ஏன் அப்படிச் சொல்றேன்? கூடப் பொறந்தவ நீ ஒருத்திதான். கண்காட்சி திறப்பு விழா நாலு மணிக்கு, இப்ப பதினொண்ணுதான் ஆவுது. சாப்பிட்டியா? கீழ ரொட்டி சானாய் சூடா போடுறான்...

இருளாயி: மக்கானெல்லாம் அப்புறம். மொதல்ல இதச் சொல்லு. இது என்ன?

ஐயாவு: எது?

இருளாயி: இந்த வெள்ளைத் துணி. சட்டம் அடிச்சு மாட்டியிருக்கியே... இன்னும் வரையவே ஆரம்பிக்கல போல.

ஐயாவு: அது முடிஞ்சு போச்சுக்கா.

இருளாயி: முடிஞ்சு போச்சா! மூலையில ஒரு செவப்புப் பொட்டு. அவ்வளவுதானா?

ஐயாவு: அவ்வளவுதான். எழுபத்தொம்பதுல கோலாலம்பூர்ல பரிசு குடுத்தாங்களே, அது இதுக்குத்தான்.

இருளாயி: பொட்டுக்கா?

ஐயாவு: பொட்டுக்குத்தான்னு வச்சுக்கயேன். சிரிக்காதே... இதப் பாத்துட்டுத்தான் லண்டனுக்கே படிக்க அனுப்புனாங்க.

இருளாயி: சிரிக்கலடா. ஈப்போவுல சீனர் கடையில போர்டு எழுதிக்கிட்டு இருந்த. அப்ப நீ எழுதுனத நாலு பேரு படிக்கவாச்சும் முடிஞ்சுச்சு...

ஐயாவு: நல்லா சொன்ன போ.

இருளாயி: இது ஆனா... தண்டல் வைக்கிற செவப்புல்ல?

ஐயாவு: அதேதான்கா. ஏழு வருசமா எல்லாரும் கேக்குறாங்க, அந்தப் பொட்டு என்னன்னு. சூரியன்னு ஒருத்தன் எழுதுனான். ரத்தம்னு ஒருத்தி எழுதுனா. நீதான் பாத்த ஒடனே சொல்லிட்ட.

இருளாயி: இதுக்கு லண்டன் போகணுமா? ரப்பர் மரம் சீவுறப்ப கத்தி ஆழமா எறங்கி கட்டையில பட்டுச்சுன்னா, மேப்பார்வை பாக்குற தண்டல் வந்து, தப்பு வெட்டுன்னு காயத்துக்குப் பக்கத்துல செவப்பு வச்சுட்டுப் போவான். தோட்டத்துல பச்சைப் புள்ளைக்கும் தெரியும். சரி... மரம் எங்க?

ஐயாவு: எந்த மரம்?

இருளாயி: நடிக்காதே. பேப்பர்ல மரத்துப் படம் வந்திருக்குன்னு பக்கத்து வீட்டு கௌரி டீச்சர் படிச்சுக் காட்டுனாங்க. ஒங்க மாமா பேரு போட்டிருக்காம். எம் புருசன் பேரு எனக்கே பேப்பர்லதான் தெரியணுமா?

ஐயாவு: நானே வந்து சொல்லணும்னுதான்... வேலை ஒழியல.

இருளாயி: எங்க வச்சிருக்க?

ஐயாவு: அந்தத் திரைக்குப் பின்னால. இரு, வெளக்கப் போடுறேன்.

இருளாயி: அடியாத்தே... பதினாலும் இருக்கா?

ஐயாவு: பதினாலும் இருக்கு. தோட்டத்த வித்துட்டாங்க, செம்பனை நடப் போறான். மரம் சாய்க்கிறதுக்கு முந்தியே போயி, மாமா நெரையில இந்தப் பதினால மட்டும் கேட்டு வாங்குனேன். அங்க எவ்வளவு தள்ளித் தள்ளி நின்னுச்சோ, இங்கயும் அதே அளவு.

இருளாயி: பால் புடிக்கிற மங்கு வேற கட்டியிருக்க... தொடலாமா?

ஐயாவு: நீ தொடாம வேற யாரு தொடுறது?

இருளாயி: காயமெல்லாம் முண்டு முண்டா வீங்கிப் போச்சே... பதினஞ்சு வருசம். அந்த அட்டையில என்ன இங்கிலீசுல?

ஐயாவு: சும்மா, வெளக்கம்கா.

இருளாயி: படி.

ஐயாவு: அது எதுக்கு இப்ப...

இருளாயி: தமிழ்ல சொல்லுடா.

ஐயாவு: "பிச்சைமுத்து, பால்வெட்டுத் தொழிலாளி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணுல தோட்ட நிர்வாகத்த எதுத்து, கோவத்துல இந்தப் பதினாலு மரத்த வெட்டிச் செதைச்சாரு. வேலையும் லயத்து வீடும் பறிபோச்சு. எட்டு மாசத்துல எறந்து போனாரு." அவ்வளவுதான்.

இருளாயி: ஈயக்குட்டையில எறங்கிச் செத்தாருன்னு போடலியா?

ஐயாவு: அக்கா...

இருளாயி: அட்டைய எடு.

ஐயாவு: என்னது?

இருளாயி: மரத்த நீயே வச்சுக்க. அவரு பேர எடுத்துரு.

ஐயாவு: எப்படிக்கா முடியும்? புத்தகமே அச்சடிச்சாச்சு. நாலு மணிக்கு மந்திரி வாராரு. மாமாவ நான் கேவலமாவா எழுதியிருக்கேன்? உசத்தித்தானே...

இருளாயி: எது உசத்தி? எதுத்து நின்னாருங்கிறதா? அந்த மனுசன் தண்டலப் பாத்தா தலைத்துண்ட அவுத்துக் கையில புடிச்சுக்குவாரு. லயத்துல தண்ணி வரலன்னு ஒரே ஒரு நாளு சத்தம் போட்டாரு. அதுக்கே ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு.

ஐயாவு: அந்தச் சண்டைய வச்சுத்தானே, வஞ்சம் தீத்துட்டான்னு நிர்வாகம்...

இருளாயி: இங்க வா. கையக் குடு. மேல தடவு... பட்டை எப்படி வளந்திருக்கு? வழவழன்னு. கட்டையில படாம தாளு மாதிரி சீவுனாத்தான் அப்படி வளரும். இது அவரு கை. பன்னெண்டு வருசம் பக்கத்து நெரை வெட்டுனவ நான், எனக்குத் தெரியாதா? இப்பக் கீழ தடவு.

ஐயாவு: வேணாம்கா.

இருளாயி: தடவுடா! ஆழமாக் குத்தி, வளைச்சு, மேல ஏத்தி, திரும்பவும் எறக்கி... கோவத்துல வெட்டுறவன் இப்படியா வெட்டுவான்? பால் எடுக்குறவன் கையா இது?

ஐயாவு: நான்தான்கா.

இருளாயி: ம்.

ஐயாவு: பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்துச்சு. காலையில மழை, அன்னைக்கு வெட்டு இல்ல. மாமா கத்தி கூடையில இருந்துச்சு. மழை விட்டதும் எடுத்துக்கிட்டுப் போனேன்... சும்மா ஒரு கோடு போட்டேன்கா. பால் அந்தக் கோட்டுலயே ஓடுச்சு. நான் மனசுல நெனைச்சது வெள்ளையா கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கைய நிறுத்த முடியல. பதினாலு மரம் ஆனதே எனக்குத் தெரியல.

இருளாயி: ம்.

ஐயாவு: அப்புறம் நான் வரைஞ்சது எல்லாமே அதே கோடுதான். நீ என்னக் காறித் துப்பு. நாலு மணிக்கு எல்லார் முன்னாலயும் மைக்குல சொல்லிர்றேன்.

இருளாயி: எனக்குத் தெரியும்டா.

ஐயாவு: என்ன தெரியும்?

இருளாயி: ஒன் சட்டையெல்லாம் பால் கறை. தொவைச்சா போகுமா அது? அன்னைக்கே அடுப்புல போட்டு எரிச்சேன்.

ஐயாவு: அன்னைக்கேவா? இத்தனை வருசமா ஒண்ணும் கேக்காம...

இருளாயி: கேட்டு? போலீசு ஒன்னக் கூட்டிட்டுப் போறதப் பாக்கவா? சாவுறப்ப அம்மா ஒன் கையப் புடிச்சு என் கையிலதானே குடுத்துச்சு.

ஐயாவு: மாமாவுக்கும் தெரியும்கா. அதனாலதான் ஆபீசுல கணக்கெழுதுற கிராணி கேட்டப்ப, நான்தான் வெட்டுனேன்னு கைநாட்டு வச்சாரு. எனக்காக ஏத்துக்கிட்டாரு. அந்த ஒண்ண நெனச்சுத்தான் இத்தனை வருசம் உசுரோட இருக்கேன்... என்ன மன்னிச்சுட்டுத்தான் போனாருன்னு. அக்கா... ஏன் அழுவுற? சொல்லு. எனக்காகத்தானே?

இருளாயி: ஒனக்காக ஒண்ணும் ஏத்துக்கலடா. அன்னைக்கு வெட்டு இல்லன்னு காலையிலயே குடிச்சுட்டு வீட்டுலதான் கவுந்து கெடந்தாரு. ஆபீசுல கூப்பிட்டதும், "நான் என்ன பண்ணேன் புள்ள?"னு எங்கிட்டத்தான் கேட்டாரு. "போதையில நீங்கதான் கத்தியத் தூக்கிட்டுப் போனீங்க, நான் கண்ணால பாத்தேன்"னு சொன்னேன்... நான் சொன்னா நம்புவாரு.